முதுகில் விழுந்த பந்து

1

ஊர்ச் சங்கத்துச் செயலாளர் நேற்றும் போன் எடுத்தார். ஆண்டு மலருக்கு என்னிடமிருந்து ஒரு பக்கம் வேண்டுமாம். 'வெற்றிக் கட்டுரை' என்று தலைப்பையும் அவரே தந்துவிட்டார். எங்கள் ஆலடிப்புலம் பக்கத்து ஊரான தாழங்கரையை ஒரே ஒரு ஓட்டத்தால் வென்ற கதையை, பக்கத்தில் நின்று பார்த்தவனும் தொண்டை கிழியக் கத்தியவனுமாகிய நான் எழுதினால்தான் பொருத்தமாக இருக்குமாம். கோப்பையோடு எடுத்த படத்தைப் பக்கத்தின் மேலே போடுகிறார்களாம். அந்தப் படத்தில் நான் இல்லை. அதை அவர் இன்னும் கவனிக்கவில்லை.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் இது ஒரு பக்கத்தில் அடங்கப்போவதில்லை. அவர் நினைக்கிற மாதிரி வரப்போவதுமில்லை. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், இலண்டனில் இவர்களுக்கு இதைவிட வேறு வேலை இல்லையா என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. இங்கே இருபது வருடத்துக்கு மேலாக நான் பஸ் ஓட்டுகிறேன். காலை ஷிப்டுக்கு எழும்பி, இருட்டில் பிளேஸ்டோவில் இருந்து டிப்போவுக்குப் போய், முகம் தெரியாத ஆயிரம் பேரை ஏற்றி இறக்குகிறவன் நான். 'குட் மோர்னிங்' சொல்லுகிறவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வருடத்தில் ஒரு நாள் மட்டும், ஒரு புல்வெளியில், என்னை இன்னாரின் தம்பி என்று தெரிந்த ஆட்களுக்கு நடுவில் நிற்கிறேன். அந்த ஒரு நாளும் எனக்குக் கசந்துபோனது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

2

முதலில் கவுன்சிலின் கதை. எல்லே என்று ஒரு விளையாட்டு உலகத்தில் இருப்பது இலண்டனில் எந்தக் கவுன்சிலுக்கும் தெரியாது. மைதானம் எடுப்பதென்றால் இணையத்தில் விளையாட்டின் பெயரைத் தெரிவுசெய்ய வேண்டும். கிரிக்கெட் இருக்கும், உதைபந்தாட்டம் இருக்கும், வாயில் நுழையாத இன்னும் பல இருக்கும். கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று இருக்கிறது. அதை அமத்தினால் உங்கள் விண்ணப்பம் யாரோ ஒருவருடைய மேசைக்குப் போகும். அந்த ஆள் விடுமுறையில் இருப்பார். பதில் வருவதற்குள் கோடை முடிந்துவிடும்.

முதல் வருடம் எங்கள் செயலாளரும் தாழங்கரையின் செயலாளர் குணராசாவும் ஒரு கணினிக்கு முன்னால் இருந்து அந்தப் பட்டியலை மேலும் கீழுமாக உருட்டினார்கள். ஓடுவது, அடிப்பது, சுற்றிவருவது, எல்லாம் வைத்துப் பார்த்தால் இதுதான் கிட்ட வருகிறது என்று 'பேஸ்போல்' என்பதை அமத்தினார்கள். எனக்குத் தெரிய இரண்டு ஊரும் சண்டை பிடிக்காமல் எடுத்த ஒரே முடிவு அதுதான். அன்றிலிருந்து கவுன்சில் கணக்கில் ஆலடிப்புலமும் தாழங்கரையும் இரண்டு பேஸ்போல் கழகங்கள். காப்புறுதியும் அந்தப் பெயரில்தான். நானும் சட்டப்படி ஒரு பேஸ்போல் ரசிகன்.

ஒரு வருடம் கவுன்சிலில் இருந்து ஒரு வெள்ளைக்காரப் பெடியன் வந்தான். மேற்பார்வை பார்க்க அல்ல. அவனுக்கு உண்மையிலேயே பேஸ்போல் பைத்தியம். தன் ஏரியாவில் இரண்டு கழகம் இருப்பதைக் கண்டு லீவு நாளில் ஆசையோடு வந்திருக்கிறான். மூங்கில் தடியைப் பார்த்தான். அடிக்கிறவனுக்கு அவனுடைய சொந்தக் கட்சிக்காரனே பந்து போட்டுக் கொடுப்பதைப் பார்த்தான். அடித்தவன் நாலு கம்பத்தையும் சுற்றி ஓடிவந்தால் ஒரு ஓட்டம் என்பது அவனுக்குப் பிடிபட்டது. ஓடுகிறவனின் உடம்பில் பந்தை எறிந்து அவனை ஆட்டமிழக்கச் செய்வதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. 'கையுறை எங்கே?' என்று என்னிடம் கேட்டான். 'நோ குளோவ், சேர். வெறுங்கை' என்றேன். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். பதற்றத்தில் எனக்கு எப்போதும் அப்படித்தான் வரும். இரண்டு மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போனான். எங்களை யாரிடமும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. இந்த நாட்டில் எனக்குப் பிடித்த நாலைந்து பேரில் அவனும் ஒருவன்.

இன்னொரு முறை காரின் பின்பக்கம் முழுக்க மூங்கில் தடியோடு போன என்னைப் பொலிஸ் மறித்தது. அத்தனை தடியும் எதற்கு என்று கேட்டார்கள். 'பேஸ்போல்' என்றேன். அந்தப் பொலிஸ்காரர் தடியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். ஆனாலும் விட்டுவிட்டார்.

3

இனி என் அண்ணையின் கதை. பரமேஸ்வரன் என்பது பெயர். ஊரில் பரமு. ஆலடிப்புலத்து எல்லே அணியின் தலைவராக இருந்தவர். ஆறடி உயரம். அவர் தடியைத் தூக்கினால் பிள்ளையார் கோயில் வெளிவீதியில் நிற்கிறவர்கள்கூட ஒரு எட்டு பின்னால் போவார்கள். எனக்கு அவர் அண்ணை மட்டுமல்ல. அப்பா இல்லாத வீட்டில் என்னைத் தூக்கி வளர்த்தவர்.

எங்கள் ஊருக்கும் தாழங்கரைக்கும் நடுவில் ஒரு ஒழுங்கைதான். ஒழுங்கையின் இந்தப் பக்கத்து மாங்காய் அந்தப் பக்கம் விழுந்தால் அதுவும் வழக்குத்தான். இரண்டு ஊருக்கும் பொதுவான மைதானத்தில் வருடா வருடம் இறுதியாட்டம் நடக்கும். இடம்பெயர்வதற்கு முன் நடந்த கடைசி ஆட்டம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு ஓட்டம் எடுத்தால் சமம். கடைசி ஆள் அண்ணை. அடித்தார், பந்து வேலியடிக்குப் போனது. முதலாவது கம்பம், இரண்டாவது, மூன்றாவது எல்லாம் தாண்டினார். நாலாவது கம்பத்துக்கு இன்னும் நாலைந்து எட்டு இருக்கும்போது தாழங்கரைச் சிவராசன் எறிந்த பந்து அவருடைய முதுகின் நடுவில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு மைதானத்தின் மறுபக்கம் கேட்டது.

தோற்றது பரவாயில்லை. எங்கள் ஆட்களுக்கு முதுகில் வாங்கினவன் என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த நாள் காலையிலேயே சந்தையில் பட்டம் வைத்துவிட்டார்கள். 'முதுகுப் பரமன்.' அண்ணை அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொன்ன ஒருவனுடைய பல்லை உடைத்தேன். சில மாதத்தில் யுத்தம் நெருங்க, இரண்டு ஊரும் ஒரே இரவில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பின. மைதானம் ஆமியின் முள்ளுக்கம்பிக்குள் போனது. வீடு போனது, வளவு போனது, கோயில் மணிகூடக் காணாமல் போனது. அந்தப் பட்டம் மட்டும் எங்களோடு கூடவே வந்தது. அகதி முகாமில் நிவாரணத்துக்கு வரிசையில் நின்றபோதும் 'முதுகுப் பரமன் குடும்பம்' என்றுதான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

ஊரில் அதன்பிறகு மறு ஆட்டமே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் போய்விட்டது. நான் இலண்டன் வந்து, அகதி விண்ணப்பம் எழுதி, மறுக்கப்பட்டு, மறுபடி எழுதி, ஒருவழியாக மனிசன் ஆனேன். ஒருநாள் வெம்பிளியில் ஒரு கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஒரு கிழவர் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, 'நீர் முதுகுப் பரமன்ரை தம்பியல்லோ?' என்று கேட்டார். கையில் இருந்த கேசரித் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஐயாயிரம் மைல் தாண்டி வந்தும் இந்த ஒரு சொல்லைத் தாண்ட முடியவில்லையே என்று அன்று அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

அதனால்தான் எங்கள் கழகமும் அவர்கள் கழகமும் இங்கே ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கியபோது முதல் ஆளாக நான் போய் நின்றேன். எனக்கு விளையாட வயதில்லை. தடி சுமந்தேன், கூடாரம் அடித்தேன், கத்தினேன். ஒரு முறையாவது அவர்களை வென்று, அதை அண்ணையிடம் என் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். ஆனால் எத்தனையோ வருடமாக அவர்கள்தான் வென்றார்கள். ஒரு வருடம் மழை காப்பாற்றியது. அவர்களுடைய கூடாரத்தில் ஒரு வாய் தேநீர் நான் குடித்ததில்லை.

4

போன வருடம் அண்ணை கிணற்றடியில் விழுந்தார். பாரிசவாதம். ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பேச்சும் குழறிவிட்டது. அண்ணி இறந்து பல வருடம். பிள்ளைகள் இல்லை. முள்ளுக்கம்பிக்குள் இருந்து திரும்பக் கிடைத்த வளவில் ஒரு அறையும் குசினியுமாகக் கட்டிய வீட்டில் தனி ஆள். செய்தி கேட்டதும் ஆஸ்பத்திரி டாக்டரோடு கதைத்தேன். வீட்டோடு நின்று பார்க்க ஒரு ஆளை ஒழுங்கு செய்யச் சொல்லி ஊரில் ஒருவரிடம் பொறுப்புக் கொடுத்தேன். ஆள் வந்துவிட்டது என்று தகவலும் வந்தது. என் கடமை முடிந்ததாக நினைத்தேன்.

போயிருக்கலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். டிப்போவில் அடுத்த வருட லீவை இந்த வருடமே எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு மாற்றுவதென்றால் இன்னொரு சாரதி தன் லீவை விட்டுத்தர வேண்டும். மானேஜரிடம் கேட்டேன். 'கூடப் பிறந்த அண்ணையா, ஒன்றுவிட்ட அண்ணையா?' என்று அவர் கேட்டார். கூடப் பிறந்தவர் என்று ஒரு சொல்லில் முடிக்காமல், எங்களுக்கு எல்லாருமே அண்ணைதானே என்று விளக்கப் போய், மூன்று வாக்கியத்துக்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கோடையில் எனக்கு இருந்த லீவு ஆட்டம் நடக்கிற கிழமைக்கு எழுதிக் கொடுத்தது. அதை நான் மாற்றவில்லை.

வாரத்துக்கு ஒரு முறை போன் எடுப்பேன். ஒரு ஆம்பிளைக் குரல் எடுக்கும். 'சொல்லுங்கோ தம்பி, அண்ணைக்குக் குடுக்கிறன்' என்பார். அண்ணை குழறுவதை அவர்தான் எனக்கு எடுத்துச் சொல்லுவார். அந்த மனிதருக்கு அண்ணையின் ஒவ்வொரு முனகலும் விளங்கியது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நல்ல ஆளாகப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அவருடைய பெயரைக் கேட்டேன். 'பக்கத்தில இருக்கிறனான்' என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. அண்ணை சாப்பிட்டாரா, மருந்து எடுத்தாரா என்று கேட்க வேண்டிய கேள்விகளே நிறைய இருந்தன. அதோடு பஸ் ஓட்டுகிறவனுக்கு, தன்னிடம் வேலை செய்கிறவரின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் விடுகிற பழக்கம் எப்படி வந்தது என்று இப்போது யோசிக்கிறேன். என்னுடைய பெயரையும் இங்கே யாரும் கேட்பதில்லையே.

ஊரில் போன் என்பது ஒருவருடைய காதுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. ஸ்பீக்கரைப் போட்டுக் கட்டிலில் வைத்துவிடுவார்கள். வீட்டில் இருக்கிறவர்கள், தண்ணீர் குடிக்க வந்தவர்கள், எல்லாரும் கேட்பார்கள், இடையில் பதிலும் சொல்வார்கள். இங்கே காதுக்குள் செருகியை மாட்டிக்கொண்டு கதைத்துக் கதைத்து எனக்கு அது மறந்துபோயிருந்தது.

5

ஆட்டம் மோர்டன் பக்கத்தில் ஒரு பூங்காவில். மகள் அபி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் பிசியோதெரபி படித்து முடித்து, தெற்கு இலண்டனில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள். என் முழங்கால் வலிக்குக் காரோட்ட வந்தாளே தவிர ஆட்டத்துக்கு வரவில்லை. இரண்டு ஊரில் எது எங்கள் ஊர் என்பதே அவளுக்கு ஒவ்வொரு வருடமும் சந்தேகம். நாயோடு நடந்துபோன ஒரு வெள்ளைக்காரப் பெண் இது என்ன விளையாட்டு என்று அவளிடம் கேட்க, 'கைண்ட் ஓஃப் பேஸ்போல்' என்று சொல்லிவிட்டு லப்டொப்பைத் திறந்துகொண்டு காருக்குள் இருந்தாள். கவுன்சில் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். நான் பெற்ற பிள்ளை சொன்னபோது எனக்கு எரிந்தது.

'அப்பா, ரெண்டு ஊரிலயும் இப்ப எத்தினை பேர் இருக்கினம்?' என்று மெதுவாகக் கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். பதில் எனக்குத் தெரியாது.

முதலில் எங்கள் பெடியள் ஆடினார்கள். ஒன்பது ஓட்டம். பெரிய எண்ணிக்கை இல்லை. தாழங்கரைக்காரர் எட்டு வரைக்கும் வந்துவிட்டார்கள். இனி ஒரே ஒருவன்தான் மிச்சம். அவன் ஒரு ஓட்டம் எடுத்தால் சமம். சமமாக வந்தால் கோப்பை போன வருடம் வென்றவர்களிடமே இருக்கும் என்பது விதி. அதாவது அவர்களிடம்.

அந்தக் கடைசி ஆள் கிருஷான். குணராசாவின் மகன். குணராசா தாழங்கரைச் செயலாளர் என்றுதான் சொன்னேன், யார் என்று இன்னும் சொல்லவில்லையே. அண்ணையின் முதுகில் எறிந்த அந்தச் சிவராசனின் கூடப்பிறந்த தம்பி. ஆக, ஓடப்போகிறவன் சிவராசனின் பெறாமகன். இருபது வயது, யூனிவர்சிற்றியில் படிக்கிறான், கால் நீளம். அவன் தடியைத் தூக்கினான். முப்பது வருடத்துக்கு முந்திய அதே ஆட்டம், ஆட்கள் மட்டும் இடம் மாறி நிற்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவருக்கு ஊர் வேறு, விளங்கவில்லை.

அடித்தான். பந்து மரத்தடிக்குப் போனது. ஓடினான். ஒன்று, இரண்டு, மூன்று கம்பமும் தாண்டினான். எங்கள் பக்கத்தில் ஜெனன் என்றொரு பெடியன். பிளேஸ்டோவில் எங்கள் தெருக்காரன், என்னை அங்கிள் என்பான். அவன் பந்தைப் பொறுக்கினான். 'முதுகுக்கு எறியடா! முதுகுக்கு!' என்று நான் கத்தினேன். என் குரல் அது என்று எனக்கே தெரியவில்லை. நாலாவது கம்பத்துக்குக் கிட்ட, அண்ணை அடி வாங்கிய அதே இடம் என்று சொல்லத்தக்க இடத்தில், பந்து கிருஷானுடைய முதுகின் நடுவில் விழுந்தது. அவன் நிலை தடுமாறிப் புல்லில் சறுக்கி விழுந்தான். நடுவர் கையைத் தூக்கினார்.

நாங்கள் வென்றுவிட்டோம். ஒரு ஓட்டம்.

பறை அடித்தார்கள். யாரோ என்னைத் தூக்கினார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன், சிரித்துக்கொண்டும் இருந்தேன். குணராசா எதிரே வந்து கையை நீட்டினார். நான் கையைக் கொடுக்கவில்லை. பார்க்காதவன் மாதிரி அவரைக் கடந்து, போனை எடுத்துக்கொண்டு, கார் நிறுத்துகிற இடத்துக்கு நடந்தேன். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை வருடமும் தடி சுமந்தேன். கோப்பையோடு படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். வாறன் வாறன் என்று கையைக் காட்டினேன்.

6

ஊரில் அப்போது இராச் சாப்பாட்டு நேரம். அதே ஆம்பிளைக் குரல் எடுத்தது. அண்ணை விழிப்பா என்று கேட்டேன். விழிப்புத்தான், இப்போதுதான் இடியப்பம் தீத்தி வாயைத் துடைத்துவிட்டேன், கொடுக்கிறேன் என்றார். சாப்பாட்டுக் கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு அண்ணையின் மூச்சு.

'அண்ணை, வெண்டிட்டம்' என்றேன். 'தாழங்கரையை ஒரு ஓட்டத்தால வெண்டிட்டம்.'

அண்ணை ஏதோ முனகினார். நான் நிற்கவில்லை. மழை மாதிரிக் கொட்டினேன். 'ஆருக்கு அடிச்சது தெரியுமோ? அந்தச் சிவராசன்ரை தம்பியின்ரை பெடியனுக்கு. முதுகில. நாலாம் கம்பத்தடியில. உங்களுக்கு அவன் எறிஞ்ச அதே இடம் அண்ணை. பெடியன் குப்புற விழுந்தான். இனி ஒரு நாயும் உங்களை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடேலாது.'

அந்தப் பக்கம் கோப்பை கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. அண்ணை மறுபடி ஏதோ குழறினார், இந்த முறை அவசரமாக, கோபம் மாதிரி. வழக்கம்போல அந்த மனிதர் எடுத்துச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

'பெடியனுக்கு அடி பலமோ தம்பி?' என்று கடைசியில் கேட்டார்.

இதைக் கேட்பது அண்ணையா என்று கேட்டேன்.

'இல்லை. நான்தான் கேக்கிறன்.'

'நீங்கள் ஆர்?' என்றேன். ஒரு வருடம் அவரோடு கதைத்த பிறகு.

'நான் சிவராசன், தம்பி.'

பெடியனுக்கு அடி பலமா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அவன் விழுந்ததைப் பார்த்தேன், எழும்பியதைப் பார்க்கவில்லை. திரும்பித் தாழங்கரைக் கூடாரத்தைப் பார்த்தேன். கிருஷான் ஒரு கதிரையில் இருந்தான். அவனுக்கு முன்னால் முழந்தாளில் இருந்து, முழங்கைக்கு ஐஸ் பை பிடித்துக்கொண்டிருந்தவள் என் மகள் அபி. காருக்குள் இருந்தவள் எப்போது இறங்கிப் போனாள் என்றும் எனக்குத் தெரியாது. முழங்கையில் கொஞ்சம் உரசல், எழும்பி இருக்கிறான், பிள்ளை ஐஸ் வைக்கிறாள் என்று சொன்னேன். யாருடைய பிள்ளை என்று கேட்டார். என்னுடைய பிள்ளை என்றேன். 'நல்லது' என்றார். அதற்குப் பிறகுதான் அவருடைய மூச்சு சீராக வந்தது.

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். அவர் ஆறுதலாகச் சொன்னார். நான் ஒழுங்கு செய்த ஆள் இரண்டு கிழமையில் நின்றுவிட்டானாம். அண்ணை கிடந்த இடத்திலேயே கிடந்தாராம். ஒழுங்கையால் போனவர் சத்தம் கேட்டு உள்ளே வந்தாராம். அன்றிலிருந்து காலையும் மாலையும் வருகிறாராம். அவருடைய பிள்ளைகளும் வெளிநாடுதானாம், வீட்டில் மனிசி சமைக்கிற சாப்பாட்டில் ஒரு பங்கைக் கொண்டுவருவது பெரிய காரியம் இல்லையாம். தம்பிக்குச் சொல்ல வேண்டாம் என்று அண்ணைதான் கேட்டுக்கொண்டாராம்.

'நீர் கோவிப்பீர் எண்டு சொன்னவர்' என்றார். அதில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் கோபிக்கத்தான் செய்தேன். இன்றைக்கும் கோபம்தான். அவர்மேல் கோபம், முப்பது வருடம் நான் பத்திரமாக வைத்திருந்த எதிரியை என்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாரே என்று. அண்ணைமேல் கோபம், ஒரு சொல் சொல்லாமல் அவர் கையால் சாப்பிட்டாரே என்று. டிப்போமேல் கோபம், லீவுமேல் கோபம். இந்த வரிசையில் கடைசியில் யார் நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். அதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

பின்னால் எங்கள் கூடாரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இல்லை, என் பெயரை அல்ல. 'பரமண்ணையின்ரை தம்பி எங்கை?' என்று கேட்டார்கள். முதுகு என்ற சொல் அதில் இல்லை. நான் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான். கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

'பொறும் தம்பி' என்றார் சிவராசன். 'அண்ணையைச் சரிக்கிற நேரம். ஒரு பக்கமாவே கிடந்தால் முதுகு புண்ணாப் போடும். போனை வைக்காதேயும்.'

போனைக் கட்டிலில் வைத்தார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. 'பரமு, இந்தக் கையைத் தாரும்.' கட்டில் கிரீச்சிட்டது. வயதான இரண்டு மனிதர்கள் மூச்சு வாங்கினார்கள். அண்ணை ஒரு முறை முனகினார், பிறகு அடங்கினார். எண்ணெய்ப் போத்தலின் மூடி திறக்கிற சத்தம். பிறகு உள்ளங்கை ஒன்று தோலில் மேலும் கீழுமாகப் போய்வருகிற சத்தம். மெதுவாக, நீண்ட நேரம். அந்தக் கை எந்தக் கை, அந்த முதுகு எந்த முதுகு என்று எனக்குத் தெரியும். பூங்காவில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து போனை எடுத்தார்.

'தம்பி, லைனில நிக்கிறீரோ?'

'ஓம்' என்றேன்.

'ஓம் அண்ணை' என்று சொல்ல வேண்டும். அந்த வயது அவருக்கு. எனக்கு வாய் வரவில்லை.